முப்பாட்டன் எந்த ஊர்? குடும்ப வேர் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து கிளம்பிய குடும்பங்களுக்கான பக்கம் இது. இப்போது சென்னையில் இருந்தாலும் மலேசியாவின் கிள்ளானில் இருந்தாலும் தேட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் அவையேதான்: ஒரு தாலுகா அலுவலகம், ஒரு சார்பதிவாளர் அலுவலகம், ஒரு சாமி, எழுபதைத் தாண்டிய இரண்டு மூன்று அத்தைகள்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் மட்டும்தான். எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது?

ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியர்கள் ஒரே குடும்பப் பெயரை நூல் போலப் பிடித்து முந்நூறு வருஷம் பின்னால் போய்விடுகிறார்கள். நமக்கு அந்த நூல் ஒரு தலைமுறையில் அறுந்துவிடும். அப்பா ஓர் எழுத்தாகச் சுருங்கி நிற்பார், தாத்தா அந்த எழுத்திலும் இருக்க மாட்டார். அதற்குப் பதிலாக நம்மிடம் அசையாத மூன்று உண்டு: ஊர், நிலம், குலதெய்வம். ஆள் பெயர் மாறும், எழுத்துக்கூட்டல் மாறும். புல எண்ணும் சாமி பெயரும் அவ்வளவு லேசில் மாறுவதில்லை. மாறினாலும், எதிலிருந்து எதற்கு மாறியது என்று ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கும்.

தாத்தா காலத்துச் சான்றிதழ்களில் இரண்டு இனிஷியல் இருந்தால், முன்னால் நிற்பது பெரும்பாலும் ஊர், அடுத்தது அப்பா. அந்த முதல் எழுத்து எதைக் குறிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, குழம்பாமல் இருப்பது எப்படி?

பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டன் பெயரைச் சுமப்பவன். அதனால் கருப்பையா மகன் முத்துச்சாமி, முத்துச்சாமி மகன் கருப்பையா, மறுபடி கருப்பையா மகன் முத்துச்சாமி என்று ஒன்றுவிட்டு ஒன்று வரும். 1895 பத்திரத்தில் இருக்கும் ‘கருப்பையா மகன் முத்துச்சாமி’யும் 1950 பத்திரத்தில் இருப்பவரும் ஒருவர் போலத் தோன்றுவார்கள். நடுவில் இரண்டு தலைமுறை ஓடியிருக்கும். தேடுகிறவர்கள் செய்யும் பிழைகளில் இதுவே முதலிடம். ஒரே பெயர் உள்ள இரண்டு பதிவுகளுக்கு நடுவே 40 ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால், வேறு ஆதாரம் கிடைக்கும்வரை இரண்டு பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனைவி பெயரோ உடன்பிறந்தார் பெயரோ ஒத்துப்போனால் மட்டும் ஒருவர் என்று முடிவு செய்யலாம்.

பெயர் வைக்கும் வழக்கத்தால் லாபமும் உண்டு. மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது பல குடும்பங்களில் முறை. கொள்ளுத் தாத்தா பெயர் தெரியாத வீட்டில், தாத்தாவின் மூத்த மகன் பெயரைப் பாருங்கள். ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம்.

பெரியவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

‘உங்கள் தாத்தா எப்போது பிறந்தார்?’ என்று கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு தேதி சொன்னால் அது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதியாக இருக்கும். பிறப்பைவிடச் சாவும் கல்யாணமும் நினைவில் நன்றாக நிற்கும். கொள்ளி வைத்தது யார், மொட்டை போட்டது யார் யார், பிறந்த வீட்டுக் கோடி (சாவுக்குக் கொண்டுவரும் புதுத் துணி) எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கோடி கொண்டுவந்தவர்களின் ஊர் இறந்துபோன பாட்டியின் தாய் வீடு. காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைத்தார்கள் என்றால் தாய்மாமன் வெளிப்படுவார்.

ஆண்டைக் கணிக்க ஊர் அறிந்த நிகழ்ச்சிகளோடு முடிச்சுப் போடுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. காவிரிப் பெருவெள்ளம் 1924 ஜூலை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தது 1942. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். ‘பர்மாவிலிருந்து அப்பா வந்தபோது நான் கைக்குழந்தை’ என்ற ஒரு வரி, பிறப்புச் சான்றிதழைவிட நம்பகமானது.

உறவுச் சொற்களில் ஏமாறாதீர்கள். பாட்டி ‘எங்கண்ணன்’ என்று சொல்பவர் கூடப் பிறந்தவராக இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். ‘சின்னத் தாத்தா’ என்பது தாத்தாவின் தம்பியையும் குறிக்கும், சின்னப் பாட்டியின் கணவரையும் குறிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ‘ஒரு வயிற்றுப் பிள்ளையா?’ என்று கேட்டுவிடுங்கள். மூத்த தாரம், இளைய தாரம், சுவீகாரம் மூன்றையும் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வைக்காமல் முக்கால் மணி நேரமாக நாலு தடவை போங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, கோப்பின் பெயரிலேயே ஆள், ஊர், தேதியைப் போட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே என்னென்ன காகிதம் கிடைக்கும்?

மொய் நோட்டு. இதை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை, பழைய பேப்பர் கடைக்கும் போய்விடுகிறது. ஊர்வாரியாக, பெயர்வாரியாக, தகப்பன் பெயரோ பட்டப்பெயரோ சேர்த்து எழுதிய உறவுப் பட்டியல் அது. 1960-களின் மொய் நோட்டு ஒன்றை எடுத்து, எந்தெந்த ஊரிலிருந்து அதிகம் பேர் செய்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முதல் மூன்று ஊர்களில் ஒன்று பூர்விகமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தாய்மாமன் மொய் முதல் பக்கத்தில் இருக்கும்.

கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் ‘இங்ஙனம்’ என்பதற்குக் கீழே பங்காளிகள் வரிசையாக இருப்பார்கள். ஜாதக நோட்டின் ஓரத்தில் இறந்த திதிகள் குறித்திருப்பார்கள். தர்ப்பணம் செய்யும் வீடுகளில் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என மூன்று தலைமுறைப் பெயர்களும் அம்மா வழிப் பெயர்களும் எழுதிய தாள் ஒன்று பூஜை அறையில் இருக்கும்.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். ஜன்னல் ஓர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. வாங்கியவர் பெயர், ஊர், தேதியைப் பெரும்பாலும் அங்கேதான் முத்திரைத்தாள் விற்பவர் எழுதியிருப்பார்.

மூலப்பத்திரம் காணோம். பதிவு அலுவலகத்தில் எடுக்க முடியுமா?

முடியும். பத்திரப் பதிவு இங்கே 1860-களிலேயே தொடங்கிவிட்டது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘1 புத்தகம்’ என்ற தொகுதியில் இருக்கும். அதையும் அதன் அட்டவணையையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில்கள் ‘3 புத்தகத்தில்’. எழுதியவர் இறந்த பிறகே மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். இறப்புச் சான்று கொண்டு போங்கள்.

இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிந்திய பதிவுகளையே காட்டும். அதற்கு முந்தியதை அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு சிக்கல். முதலாவது, உங்கள் கிராமம் 1930-ல் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கலாம். பழைய பத்திரம் ஒன்றின் முத்திரையில் உள்ள அலுவலகப் பெயரைப் பார்த்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். இரண்டாவது, தேடல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் ஏறும். ‘1900 முதல் 1975 வரை’ என்று எழுதாமல் பத்துப் பதினைந்து ஆண்டாகக் குறுக்கிக் கேளுங்கள். தாத்தா இறந்த ஆண்டுக்குப் பின் வரும் பத்தாண்டில்தான் பாகப்பிரிவினை பெரும்பாலும் நடந்திருக்கும்.

வேர் தேடுவோருக்குப் பொக்கிஷம் பாகப்பிரிவினைப் பத்திரம்தான். விற்பனைப் பத்திரத்தில் இரண்டு பேர் கிடைப்பார்கள், இதில் மூன்று தலைமுறை கிடைக்கும். ‘நமது பிதுரார்ஜிதம்’ என்று வந்தால் சொத்து பரம்பரையாக வந்தது, ‘சுயார்ஜிதம்’ என்றால் அவரே சம்பாதித்தது. குமாரர், பாரியை, சம்சாரம், மைனர்களுக்குக் கார்டியன் என்று உறவுகளைப் பத்திரம் எழுதுபவர் பிசகாமல் போட்டிருப்பார். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள். மாமன் மச்சான்கள் பலர் அங்கேதான் நிற்பார்கள். நான்கு எல்லையும் படியுங்கள்: ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு’ என்று வரும் அந்த இன்னார் பல நேரம் பங்காளி. ஒரே நிலம் இரண்டாகப் பிரிந்த தழும்பு அது.

பட்டாவை வைத்து எவ்வளவு பின்னால் போகலாம்?

இன்றைய பட்டா, அ-பதிவேடு (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகச் சொல்லும் ஏடு) இரண்டையும் அரசின் நிலச் சேவை இணையதளத்தில் எடுக்கலாம். அவற்றின் அடிப்படை 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். ஊர்ப் பேச்சில் ‘யு.டி.ஆர்.’ அதற்கு முன்னால் போக அந்தத் திட்டத்தில் பழைய புல எண்ணையும் புதிய புல எண்ணையும் ஒப்பிட்ட பதிவேடு வேண்டும். தாலுகா அலுவலகப் பதிவறையில் கேளுங்கள். பழைய எண் கையில் வந்துவிட்டால் அடுத்த படி செட்டில்மென்ட் பதிவேடு, அதாவது நிலவரியை நிர்ணயித்தபோது எழுதிய ஏடு. ரயத்துவாரி ஊர்களுக்கு (உழவர் நேரே அரசுக்கு வரி கட்டிய ஊர்கள்) முதல் செட்டில்மென்ட் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்தது, பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கு ஒரு மறு செட்டில்மென்ட். பட்டாதாரர் பெயர், தகப்பன் பெயர், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று இருக்கும்.

வாய்மொழியாகக் கேட்டால் ‘அதெல்லாம் செல்லரித்துப் போச்சு’ என்று பதில் வரும். எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டண வில்லை ஒட்டி, கிராமம், பழைய புல எண், பதிவேட்டின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். ‘என் முன்னோர் நிலங்களின் விவரம் வேண்டும்’ என்று பொதுவாக எழுதிய மனு திரும்பி வந்துவிடும்.

உங்கள் ஊர் ரயத்துவாரியா, ஜமீனா, இனாமா (வரி நீக்கியோ குறைத்தோ கொடுத்த மானியம்) என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்காதீர்கள். ஜமீன் ஊர்கள் 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் முழு நில அளவைக்குள் வந்தன. அதற்கு முந்திய கணக்கு ஜமீன் கணக்கு. இனாம் நிலம் என்றால் யோகம். 1860-களில் எழுதிய இனாம் பதிவேட்டில் முதலில் மானியம் பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்பதற்கே கட்டம் உண்டு. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். கோயில் பூசாரி, வெட்டியான், தச்சர், மருத்துவர் எனச் சிறு ஊழிய மானியம் பெற்றவர்களும் அதில் உண்டு. இனாம் என்றதும் அக்ரகாரம் மட்டும் நினைவுக்கு வர வேண்டியதில்லை.

எல்லைகளையும் கவனியுங்கள். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அந்த ஊர்களின் பழைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்திலும் தேட வேண்டியிருக்கும்.

கிராமக் கணக்கு விஷயத்தில் இன்னொன்று. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்தன. கட்டுகள் எல்லாம் அரசிடம் போய்ச் சேர்ந்தன என்று நினைக்க வேண்டாம். பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் மூட்டை இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

பத்திரத்தில் ஏதோ குறிகளும் புரியாத ஆண்டுகளும் இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௷ வரவு, ௶ பற்று. எண்கள்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯, பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. இவற்றை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு படித்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். பங்கு அளவுகளில் மா 1/20, காணி 1/80, வீசம் அல்லது மாகாணி 1/16, அரைக்கால் 1/8. ‘அரைக்கால் பங்கு’ என்றால் எட்டில் ஒன்று. எட்டில் ஒன்று ஏன் வந்தது என்று யோசித்தால், நான்கு அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு இரண்டு மகன்கள் என்று கணக்கு விரியும். பங்கே வம்சாவளியைச் சொல்லிவிடும்.

பசலி என்பது நில வருவாய்க் கணக்கு ஆண்டு. ஆங்கில ஆண்டு வேண்டுமானால் அதோடு 590 கூட்டுங்கள். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குவதால் ஜனவரி முதல் ஜூன் வரையான தேதிக்கு 591. பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. திருநெல்வேலி, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும்: கொல்லம் 1100 தொடங்கியது 1924 ஆகஸ்டில்.

பிரபவ, விபவ வருஷங்கள் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பும். தாது என்றால் 1876-ஆக இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள். விக்டோரியா என்றால் 1901-க்கு முந்தியது அல்லது பழைய தாளின் மிச்சம். ஆறாம் ஜார்ஜ் என்றால் 1936-க்குப் பிந்தியது.

பிறப்பு, இறப்புப் பதிவுகள் எங்கே?

நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி. கிராமப் பதிவேடுகள் பலவும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கின்றன. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெயர் சூட்டும் முன்பே பதிந்துவிடுவார்கள்: ‘ஆண், தகப்பன் இன்னார்’ என்பதோடு சரி. ஆகவே தகப்பன் பெயரில் தேடுங்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடக்கும் என்பதால் அம்மாவின் ஊர்ப் பதிவேட்டையும் பாருங்கள். அப்பாவின் ஊரில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பியவர்கள் ஏராளம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி இன்னும் நீளும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயரும் கிடைக்கும். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கலாம், பெயர்கள் லத்தீன் வேஷம் போட்டிருக்கும்: இராயப்பர் பெத்ருஸ் ஆகியிருப்பார். தரங்கம்பாடி லூத்தரன் மிஷன் 1706-ல் தொடங்கியது. அதன் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் உள்ளன. புதுச்சேரி, காரைக்கால் என்றால் பிரெஞ்சுக் குடிமைப் பதிவு. அதன் பிரதிகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன, கணிசமான பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தனிச்சட்ட உரிமையை (சாதி, மத வழக்கப்படியான சட்டத்தை) விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் அப்போது நிலையான குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டன. அந்தத் துறப்புப் பதிவு பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் கண்ணி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் பெயர் கிடைக்காது. வெளிவருவது ஊர்த் தொகை மட்டுமே. வாக்காளர் பட்டியல் மேல்: 2002, 2005 பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. 2002-ல் 80 வயது என்று இருப்பவர் 1922 வாக்கில் பிறந்தவர். பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் அவருடைய தகப்பனார் 1890-களின் மனிதராக இருக்கலாம்.

எங்கள் குடும்பத்துக்கு நிலமே இருந்ததில்லை. அப்படியானால் வழியே இல்லையா?

உண்டு, ஆனால் வேறு வரிசையில் தேட வேண்டும். நிலப் பதிவேடு நிலம் வைத்திருந்தவரைத்தான் எழுதியது, உழுதவரை எழுதவில்லை. ஆவணத்தில் இல்லை என்பதால் ஊரில் இல்லை என்று ஆகாது. பல ஊர்களில் உழைக்கும் சாதிகளே மிகப் பழைய குடிகள்.

பஞ்சமி நில ஒப்படைகளிலிருந்து தொடங்குங்கள். 1892-ஆம் ஆண்டு அரசாணையை ஒட்டி ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் கொடுத்தார்கள். இன்று அந்த நிலம் யார் கையில் இருந்தாலும், பழைய பதிவேட்டில் முதல் ஒப்படையாளர் பெயர் இருக்க வேண்டும். செட்டில்மென்ட் பதிவேட்டின் குறிப்புக் கலத்தைப் பாருங்கள். அடுத்தது குத்தகை உரிமைப் பதிவு: 1969 சட்டப்படி சாகுபடி செய்த குத்தகைதாரர் பெயர்கள் தாலுகாவில் பதிவாயின. 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டுமனை பெற்றவர்கள் இன்னொரு பட்டியல். மிஷன் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, ராணுவப் பணி ஏடு, கோலார் தங்கவயல் வேலைச் சீட்டு, தோட்டக்காட்டுப் பற்றுச்சீட்டு, கடல் கடந்தவர்களின் கப்பல் பட்டியல் ஆகியவற்றில் நிலமில்லாதவர்கள்தான் நிறைய. ஊர்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் மனு கொடுத்துப் பார்க்கலாம்.

குலதெய்வம் எது என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி?

குறி கேட்கும் முன் பங்காளிகளைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் விட்டுப்போன வழக்கம் சித்தப்பா வீட்டிலோ சின்னத் தாத்தா பேரன் வீட்டிலோ உயிரோடு இருக்கும். முதல் மொட்டை எங்கே போட்டார்கள், கல்யாணத்துக்கு முன் எந்தச் சாமிக்குக் காசு முடிந்து வைத்தார்கள், வீட்டில் எந்தப் பெயர்கள் அடிக்கடி வருகின்றன என்று பாருங்கள். தலைமுறைக்கு ஒரு ‘சுடலை’யோ ‘அங்காளம்மா’ளோ ‘அய்யனாரோ’ இருந்தால் சும்மா வைத்த பெயராக இருக்காது.

கோயில் கிடைத்ததும் பூசாரியிடம் ஒரே கேள்வி: ‘இது பிடிமண் கோயிலா?’ குடிபெயர்ந்தவர்கள் பழைய கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து புது ஊரில் சாமியை நிலைநிறுத்துவார்கள். பிடிமண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்தால், குடும்பம் அதற்கு முன் இருந்த ஊர் தெரியும். சில கோயில்களில் இரண்டு மூன்று தாவல்களைக்கூடப் பின்தொடரலாம். தென்மாவட்டங்களில் சாஸ்தா கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று போங்கள். மற்ற பல இடங்களில் மாசிச் சிவராத்திரி. அன்றைக்கு வகையறா முழுவதும் ஓரிடத்தில் இருக்கும். தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டும் வரி) நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கல்யாணமான ஆண்கள் பெயர் வரி வாரியாக, கிளை வாரியாக இருக்கும்.

சில சமூகங்களில் அமைப்பு இன்னும் இறுக்கம். நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது கோயில்கள். கோயில் வைத்தே பங்காளி யார் என்று தீர்மானமாகும், கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரும். கொங்கு நாட்டில் கூட்டமும் (ஒரு வழிப் பங்காளிகள்) அவர்களின் காணிக்கோயிலும் அந்த வேலையைச் செய்கின்றன. கொண்டையங்கோட்டை மறவரிடம் கிளை தாய்வழியாக வரும், அப்பா வழியில் தேடினால் தவறான கிளையில் போய் நிற்பீர்கள்.

பெண்கள் பக்கம் மரம் மொட்டையாக இருக்கிறதே?

1989 தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கு முன் பூர்விகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலப் பிறப்புரிமை கிடையாது. அதனால் பாகப்பிரிவினையில் பெயர் வராது. ‘மைனர் பெண்களின் கல்யாணச் செலவுக்கு இன்ன நிலம் ஒதுக்கியது’ என்ற வரியில்தான் எட்டிப்பார்ப்பார்கள். தானப் பத்திரம், மஞ்சள்காணியாக (மகளுக்குச் சீராக) கொடுத்த நிலம், ஜீவனாம்ச ஏற்பாடு ஆகியவற்றைத் தேடுங்கள். பெண் கொடுத்து எடுத்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால் பெரும்பாலும் ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள் அடங்கிவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே தனியாக ஒரு புள்ளி விழுந்தால், அங்கே ஒரு கதை இருக்கிறது.

தாத்தா மலேயா போனவர், ஊர் பெயர் தெரியாது. நேட்டால், மொரீஷியஸ் போனவர்களுக்கு?

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குத் தடம் தெளிவாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் எண் உண்டு. பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளம்வரை இருக்கும். மொரீஷியஸ் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமும் உண்டு. பிஜிக்குத் தென்னிந்தியர் போனது 1903 முதல் 1916 வரை.

ஊர்ப் பெயரை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதை உரக்கப் படியுங்கள், கண்ணால் படித்தால் பிடிபடாது. ‘ஜில்லா வட ஆற்காடு’ என்று இருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை மட்டுமல்ல, 1911 வரை சித்தூரின் பெரும்பகுதியும் அதற்குள்தான். மதுரை ஜில்லா என்றால் 1910-க்கு முன் ராமநாதபுரமும் சிவகங்கையும் அடக்கம்.

மலேயாவுக்கும் இலங்கைக்கும் பெரும்பாலோர் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த மேஸ்திரி) மூலம் போனார்கள். ஒருவருக்கு ஒரு தாள் என்ற கணக்கு அங்கே இல்லை. ஆனால் கங்காணி ஆள் சேர்த்தது தன் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான். உங்கள் குடும்பத்துக்கு ஊர் தெரியாவிட்டால், அதே தோட்டத்தில், அதே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்த மற்ற குடும்பங்களின் ஊரைக் கேளுங்கள். தோட்டக் கோயில் சாமியின் பெயரும் ஊரைக் காட்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்கள் தங்கள் குடும்ப அட்டையையும் அப்போதைய கடவுச்சீட்டையும் பத்திரமாகத் தேடி எடுங்கள்.

வீட்டில் ஓலைச்சுவடியும் செப்புப் பட்டயமும் இருக்கின்றன. நம்பலாமா?

ஓலையில் புள்ளி இருக்காது; எகர ஏகார வேறுபாடு இருக்காது; ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி நிற்கும். ‘காடு’ என்பதா ‘கரடு’ என்பதா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுத்துத் தெரிய வீட்டிலேயே மை தடவாதீர்கள். ஓலை உலர்ந்திருந்தால் விரித்தாலே முறியும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால் போன்ற இடங்களில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. ஓலைகளில் முக்கால்வாசி மருத்துவம், சோதிடம், கடன் கணக்கு. ஏமாற்றமடைய வேண்டாம். கடன் கணக்கில்தான் ஆள் பெயர் வரும்.

பட்டயத்தை மரியாதையோடு சந்தேகியுங்கள். மூவேந்தர் மெய்க்கீர்த்தியோடு (அரசர் புகழ் பாடும் முன்னுரையோடு) தொடங்கி, சக ஆண்டும் பிரபவ ஆண்டும் ஒத்துப்போகாமல், நடை மட்டும் 18, 19-ஆம் நூற்றாண்டாக இருக்கும் சாதிப் பட்டயங்கள் நிறைய. உரிமை வழக்குகளுக்காகவும் கௌரவத்துக்காகவும் எழுதியவை. ராஜராஜன் காலச் செய்தி அதில் கிடைக்காது. அதை எழுத வைத்த தலைமுறை எதற்காகச் சண்டை போட்டது என்பது கிடைக்கும். அதுவும் குடும்ப வரலாறுதான்.

கோயில் கல்வெட்டில் எங்கள் முன்னோர் பெயர் இருக்குமா?

பெயர் இருக்கலாம், அவர் உங்கள் முன்னோர் என்று நிரூபிக்க முடியாது. கல்வெட்டின் 11-ஆம் நூற்றாண்டுக்கும் இனாம் பதிவேட்டின் 1860-களுக்கும் நடுவே எழுநூறு எண்ணூறு ஆண்டு வெற்றிடம். சாதாரணக் குடும்பம் எதற்கும் அதைத் தாண்டும் ஏணி கிடையாது. தாண்டிவிட்டதாகச் சொல்லி வம்சாவளி அச்சடித்துத் தருபவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆளைத் தேடாமல் ஊரைத் தேடினால் கல்வெட்டு நிறையக் கொடுக்கும். ஊரின் பழைய பெயர் என்ன, எந்த நாட்டில், எந்த வளநாட்டில் இருந்தது, ஏரியை யார் வெட்டினார்கள், எந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், என்னென்ன வரி கட்டினார்கள் என்று தெரியவரும். மாவட்டவாரியான கல்வெட்டுத் தொகுதிகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டிருக்கிறது. பல தமிழ் மின்னூலகத்தில் இலவசம். நில எல்லை சொல்லும் வரிகளை இன்றைய புல வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கல்லில் உள்ள வாய்க்கால் பெயரும் பாட்டி வயலுக்குச் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்கும் ஊர்கள் உண்டு. அந்த ஒற்றுமை எந்த வம்சாவளித் தாளையும்விட உறுதியானது.

டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

ஊர் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து சோதனை செய்துகொண்டவர்கள் குறைவு, பொருத்தங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் மலேசியாவிலும் இருப்பவர்களோடு வரும். அத்தை மகளையும் அக்கா மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் பொருத்த அளவு ஊதித் தெரியும். நிறுவனம் ‘இரண்டாம் படி உறவு’ என்று காட்டுபவர் உண்மையில் ஐந்து தலைமுறை தள்ளியவராக இருக்கலாம். கடல் கடந்து நூறாண்டு ஆன குடும்பங்களுக்கு, பிரிந்த கிளையைக் கண்டுபிடிக்க ஓரளவு உதவும்.

மரத்தை எப்படி வரைவது? எந்த மென்பொருளிலும் சரியாக வரவில்லை.

வராது. அக்கா மகளைக் கட்டியவர் ஒரே சமயத்தில் மாமாவும் கணவரும் ஆகிறார், மரம் வலையாகிவிடுகிறது. முதலில் நோட்டிலேயே செய்யுங்கள். ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண், ஓர் ஆளுக்கு ஒரே ஒரு எண். அப்பா எண், அம்மா எண், கட்டியவர் எண், ஊர், ஆதாரம் என ஐந்து கலம். அதே ஆள் இரண்டு இடத்தில் வந்தால் பெயரைத் திரும்ப எழுதாமல் எண்ணை மட்டும் போடுங்கள். ஆதாரக் கலத்தில் ‘அத்தை சொன்னது’ என்றால் அப்படியே எழுதுங்கள், பத்திர எண் என்றால் ஆண்டோடு எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் எதையும் அடிக்காதீர்கள். அத்தை சொன்னதுதான் சரியாக இருந்து, சொத்துக்காகப் பத்திரத்தில் மாற்றி எழுதியிருந்த குடும்பங்களும் இருக்கின்றன.